குளவிக் கூட்டுக்கு விற்கும் பொருட்கள்: எது வேலை செய்யும், எது வீண் செலவு

சன்ஷேடுக்கு அடியிலோ தென்னை மட்டையிலோ குளவிக் கூடு கண்ணில் பட்டால், இப்போதெல்லாம் கை முதலில் போவது ஆன்லைன் கடைக்குத்தான். துணியால் செய்த போலிக் கூடு, சர்க்கரைத் தண்ணீர்ப் பொறி, ஒலி அலைக் கருவி, ஸ்ப்ரே, தலை வலையோடு கூடிய உடை, ‘இன்று இரவே வந்து எடுத்துத் தருகிறோம்’ என்னும் சேவை என்று வரிசையாக வந்து நிற்கும். இவற்றில் பல, வேறு நாட்டுக் குளவிகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. தமிழ்நாட்டில் கூடு கட்டுகிற குளவிகள் வேறு, அவற்றின் பழக்கமும் வேறு. அந்தப் பழக்கத்தோடு ஒவ்வொரு பொருளையும் ஒட்டிப் பார்த்து எழுதிய மதிப்பீடு இது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வீட்டோரச் சிறு கூடுகளுக்கு அநேகமாக எதையும் வாங்கத் தேவையில்லை. கதண்டு என்னும் பெருங்குளவியின் கூட்டுக்குக் கடையில் விற்கும் எந்த ஒற்றைப் பொருளும் போதாது, பழகிய ஆட்கள்தான் வேண்டும். காசுக்குத் தகுந்த பொருள் என்று இந்தப் பட்டியலில் நாங்கள் கைகாட்டுவது மூன்றடுக்கு உடை ஒன்றைத்தான். அதுவும் வீட்டுக்காரருக்கு அல்ல, இந்த வேலையைத் தொழிலாகச் செய்பவருக்கு.

காசு கொடுக்கும் முன் கூட்டைப் பாருங்கள்

கூடு எந்த வகை என்பது தெரியாமல் வாங்கும் எதுவும் குருட்டுச் செலவு. கிட்டே போக வேண்டாம். செல்போன் கேமராவை ஜூம் செய்தால் போதும்.

கண்ணறைகள் திறந்தபடி வெளியே தெரிகிற, ஒரே ஒரு அடை மட்டும் உள்ள, மெல்லிய காம்பில் தொங்குகிற சாம்பல் நிறக் கூடு என்றால் அது காகிதக் குளவி. வீடுகளில் அதிகம் காண்பது ரொபலிடியா இனங்கள். செம்பழுப்பு உடல், வயிற்றில் மெல்லிய மஞ்சள் கோடு, நீளம் ஒரு சென்டிமீட்டரை ஒட்டி. கால்களைத் தொங்கவிட்டபடி மெதுவாகப் பறக்கும், இன்னும் சற்றுப் பெரிய பாலிஸ்டிஸ் இனங்களும் இதே மாதிரிதான் கட்டும். இந்தக் கூட்டில் இருப்பவை பெரும்பாலும் சில பத்துக் குளவிகளே. காம்பை உற்றுப் பார்த்தால் கருமையாக, பளபளவென்று இருக்கும். வயிற்று நுனியில் சுரக்கும் ஒரு திரவத்தைக் குளவிகள் அதன்மேல் திரும்பத் திரும்பத் தேய்த்துவிடும். எறும்பு அதைத் தாண்டி அடைக்குப் போகாது. காகிதக் குளவிக்கு எறும்பு பெரிய எதிரி. கூட்டையே ஒற்றைக் காம்பில் தொங்கவிடுவதும் எறும்பு வரும் வழியை ஒன்றாகக் குறைப்பதற்குத்தான்.

முழுக்க மூடிய கூடு, பழுப்பும் வெளிர்மஞ்சளும் கலந்த வரிவரியான காகித மேலுறை, பக்கவாட்டில் விரல் நுழையும் அளவுக்கு ஒரே வாசல் என்றால் அது கதண்டு. மரத்தில் தொங்குவது பெரும்பாலும் வெஸ்பா அஃபினிஸ். கறுப்பு உடலில் வயிற்றின் முன்பாதி முழுக்கப் பளிச்சென்ற ஆரஞ்சு மஞ்சள். இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்கு ஆசியா முழுக்க, தைவான், ஒகினாவா, நியூகினி வரை பரவிய இனம் இது. கூட்டில் நூற்றுக்கணக்கில் இருக்கும், பெரிய கூட்டில் ஆயிரத்தையும் தாண்டும். மேலுறைக்குள் அடைகள் மாடி மாடியாக அடுக்கியிருக்கும். வயிற்றில் ஒரே ஒரு அகலமான மஞ்சள் பட்டை மட்டும் இருந்தால் அது வெஸ்பா ட்ரோபிகா. அது பெரும்பாலும் மரப்பொந்து, சுவர் இடுக்கு, மண்ணுக்குள் இருக்கும் வளை போன்ற மறைவான இடத்தில் கட்டும். கூடு கண்ணுக்கே தெரியாது. ஒரு துவாரத்தில் கதண்டுகள் போய்வருவது மட்டும் தெரியும்.

விற்பனைப் பக்கங்களில் மிரட்டலாகப் போடும் ஆரஞ்சுத் தலைப் பெருங்குளவி படம் அநேகமாக வெஸ்பா மாண்டரினியா. இந்தியாவில் அது இமயமலை அடிவாரத்திலும் வடகிழக்கிலும் உள்ளது, தமிழ்நாட்டில் இல்லை. அந்தப் படத்தைப் பார்த்துப் பயந்து வாங்க வேண்டாம்.

இன்னும் இரண்டு கூடுகளைப் பிரித்துவிட வேண்டும். ஜன்னல் மூலையில் மண்ணால் கட்டிய உருண்டையோ குழாயோ தனிக்குளவியுடையது. அதற்குக் காவல் படை கிடையாது, கிட்டப்போனாலும் கூட்டமாக வந்து கொட்டாது. பள்ளிச் சுவரில், தண்ணீர்த் தொட்டியின் அடியில், உயர மரக்கிளையில் அரை வட்டமாகத் தொங்கி, மேற்பரப்பு முழுக்கப் பூச்சிகளே போர்த்தியிருந்தால் அது மலைத்தேனீ. அதன் கூட்டம் கதண்டைவிடப் பல மடங்கு பெரிது. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் குளவிக்கொட்டு என்று செய்தியாகும் தாக்குதல்களில் மலைத்தேனீயின் தாக்குதலும் அடக்கம். இங்கே மதிப்பிடும் எந்தப் பொருளையும் மலைத்தேனீமேல் காட்டாதீர்கள். தேனீ வளர்ப்பவரையோ தீயணைப்பு நிலையத்தையோ கூப்பிடுங்கள்.

போலிக் கூடு: ஐந்துக்கு சுழியம்

சாம்பல் நிறத் துணியிலோ காகிதத்திலோ செய்த, கூம்பிய பை. இரண்டு, மூன்று, நான்கு என்று கட்டாக விற்கிறார்கள். ‘குளவிகள் தமக்கென எல்லை வைத்திருப்பவை, இன்னொரு கூடு இருந்தால் அந்த இடத்துக்கு வராது’ என்பது விற்பவர் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அதனாலேயே அதிகம் விற்கிறது.

முதல் சிக்கல் அதன் உருவம். இந்தப் பை வட அமெரிக்காவில் மரக்கிளையில் தொங்கும் ஒரு குளவியினத்தின் கூட்டை நகலெடுத்தது. நம் வீட்டுச் சன்ஷேடில் கட்டும் ரொபலிடியாவுக்கு அந்தக் குளவியோடு எந்த வழக்கும் கிடையாது. ரொபலிடியாவின் கொடிய எதிரி வெஸ்பா ட்ரோபிகா. அது காகிதக் குளவிக் கூட்டில் வந்து இறங்கியதும் கூட்டின் வளர்ந்த குளவிகள் எதிர்க்காமல் விலகிவிடும். அது கண்ணறை கண்ணறையாகப் புழுக்களை இழுத்துத் தின்றுவிட்டுப் போகும். அத்தனை பயப்பட வேண்டிய எதிரியின் கூடு பொந்துக்குள்ளும் மண்ணுக்குள்ளும் இருக்கிறது. கிளையில் தொங்கும் பை அதற்கு அடையாளமே அல்ல.

இரண்டாவது, குளவிக்கு ‘நம் கூடு, பிறர் கூடு’ என்னும் அறிவு பெரும்பாலும் வாசனையில் இருக்கிறது. ஒவ்வொரு கூட்டுக்கும் தனி வாசனைக் கலவை உண்டு. குளவியின் மேல்தோலில் படிந்த மெழுகு போன்ற ஹைட்ரோகார்பன்களில் அது இருக்கிறது. அந்தக் கூட்டில் பிறந்த குளவி வெளிவந்த உடனேயே அதைப் பழகிக்கொள்கிறது. துணிப் பையில் அது எப்படி வரும்?

மூன்றாவது காரணம் எதையும் வாங்காமலே பார்க்கக்கூடியது. பழைய கட்டடங்களின் ஜன்னல் கம்பிகளில் ரொபலிடியா கூடுகள் ஒன்றுக்கொன்று சாண் தூரத்தில், சில இடங்களில் அதைவிட நெருக்கமாக, பல கூடுகளாக இருக்கும். உண்மையான கூடே பக்கத்துக் கூட்டைத் தடுக்காதபோது போலிக் கூடு எதைத் தடுக்கும்? மழையில் நனைந்து தொங்கும் அந்தப் பைக்குள்ளேயே காகிதக் குளவி கட்டத் தொடங்கினாலும் வியப்பில்லை. காற்றும் மழையும் படாத மறைவு அதற்குப் போதும்.

‘ராணியை எடுத்துவிட்டோம், இனி வராது’

கூடு அகற்றும் சிலர் இப்படிச் சொல்லிப் பணம் வாங்குகிறார்கள். வீட்டுக் காகிதக் குளவியில் இது சுத்தமாகப் பொருந்தாது. ரொபலிடியா மார்ஜினாட்டா உலகிலேயே நுணுக்கமாக ஆராயப்பட்ட குளவிகளில் ஒன்று. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கரும் அவர் மாணவர்களும் பல பத்தாண்டுகள் அதையே கவனித்திருக்கிறார்கள். அந்தக் கூட்டின் ராணி உருவத்திலும் நடத்தையிலும் தனித்துத் தெரிவதில்லை. அடையில் சும்மா உட்கார்ந்திருக்கும் சாதுவான குளவி அது, யாரையும் மிரட்டாது. வெறும் கண்ணால் ராணியைப் பிரித்தெடுத்தேன் என்பவர் முட்டையிடுவதைப் பார்த்திருந்தால் ஒழிய, ஊகமாகத்தான் சொல்கிறார்.

ராணியை எடுத்துவிட்டாலும் கூடு கலையாது. சில நிமிடங்களுக்குள் வேலைக்காரக் குளவிகளில் ஒன்று மட்டும் திடீரென்று மூர்க்கமாகி மற்றவற்றைத் துரத்தத் தொடங்கும். ராணியைத் திருப்பி வைத்தால் அது அடங்கிவிடும். வைக்காவிட்டால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அதுவே முட்டையிட்டு ராணியாகிவிடும். மிதவெப்ப நாடுகளில் குளிர்காலம் வந்தால் கூடு தானாகச் சாகும், புதிய ராணிகள் மட்டும் ஒளிந்து பிழைக்கும். தென்னிந்தியாவில் இந்தக் குளவிக்கு அப்படி ஒரு ஓய்வுக்காலம் இல்லை, ஆண்டு முழுக்கக் கூடு தொடங்கும், ஆண்டு முழுக்க நடக்கும். ‘சீசன் முடிந்ததும் போய்விடும்’ என்று வெளிநாட்டுப் பக்கங்களில் வரும் அறிவுரை இங்கே உதவாததும் இதனால்தான்.

பொறியும் ஒலிக்கருவியும்: ஐந்துக்கு ஒன்று, சுழியம்

ஒலி அலைக் கருவி குளவிக் கூட்டைக் கலைக்கும் என்பதற்கு ஆதாரம் எதுவுமில்லை. அவ்வளவுதான், அடுத்ததற்குப் போகலாம்.

பொறியில் இரண்டு வகை. மேற்பாதியைக் கவிழ்த்துச் செருகிய பாட்டில் போன்றது, சர்க்கரைத் தண்ணீரோ பழச்சாறோ ஊற்றி வைப்பது. இதில் பூச்சி விழும், அதில் சந்தேகமில்லை. விழுவது இரை தேடி வந்த வேலைக்காரக் குளவிகள். கூட்டில் அதைவிட வேகமாகப் புதியவை வெளிவந்துகொண்டிருக்கும். தேனீயும் சேர்ந்து விழும். கொஞ்சம் வினிகர் கலந்தால் தேனீ வருவது குறையும். பழக்கடை, கரும்புச்சாறு வண்டி போன்ற இடத்தில், ஆட்கள் நிற்கும் இடத்திலிருந்து ஏழெட்டு மீட்டர் தள்ளித் தொங்கவிட்டால் மொய்ப்பு கொஞ்சம் திசை திரும்பும். ஒரு மதிப்பெண் அதற்குத்தான். வீட்டு வாசலில் தொங்கவிட்டால் இல்லாத குளவியையும் நீங்களே அழைத்தது ஆகும்.

இன்னொரு வகை, ரசாயன வாசனைக் குப்பியோடு வரும் இறக்குமதிப் பொறி. அதில் இருப்பது பெரும்பாலும் ஹெப்டைல் பியூட்டிரேட். வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் உள்ள சில வெஸ்புலா மஞ்சள் குளவிகளை அது நன்றாக இழுக்கும். வெஸ்புலா இந்தியாவில் இமயமலைப் பக்கம்தான் உண்டு. திருச்சியிலும் தஞ்சாவூரிலும் அந்தக் குப்பிக்கு வேலையில்லை.

ஸ்ப்ரே: சிறு கூட்டுக்கு மூன்று, கதண்டுக்கு எடுக்கவே கூடாது

வீட்டில் கரப்பானுக்கு அடிக்கும் பைரித்ராய்டு ஸ்ப்ரே காகிதக் குளவியைக் கொல்லும். ஆனால் அதன் புகை மூன்றடி போவதற்குள் காற்றில் கலைந்துவிடும். சிறு கூட்டுக்கே நீங்கள் கை நீட்டும் தூரத்துக்குப் போக வேண்டியிருக்கும். வெளிநாடுகளில் குளவிக்கென்றே விற்கும் ஸ்ப்ரேயில் மருந்து புகையாக இல்லாமல் ஒரே கோடாகப் பல மீட்டர் பாயும். இங்கே ‘குளவி ஸ்ப்ரே’ என்று ஒட்டிய டப்பாவை வாங்கும் முன் அது புகையா, பாய்ச்சலா என்று கேளுங்கள். புகை என்றால் பெயர் மட்டும்தான் வேறு.

குழந்தையின் கட்டிலுக்கு மேலே, மாடிப்படிக் கைப்பிடியில் என்று விட்டுவைக்க முடியாத இடத்தில் சிறு கூடு இருந்தால், மருந்தைவிடச் சோப்புத் தண்ணீரையே நாங்கள் சொல்வோம். ஒரு லிட்டர் தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு மேசைக்கரண்டி, அதாவது சுமார் 30 மில்லி. வெறும் தண்ணீர் குளவியின் உடலில் ஒட்டாமல் உருண்டுவிடும். சோப்பு சேர்ந்தால் உடலை நனைத்து, மூச்சுத் துளைகளை அடைத்து, இறக்கையையும் முடக்கிவிடும். இருட்டிய பிறகு, முழுக்கைச் சட்டையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, கைப் பம்பில் தொடர்ச்சியாக அடித்து, குளவிகள் விழுந்ததும் அடையைக் காம்போடு சுரண்டி எடுங்கள். அடையை விட்டுவிட்டால் மூடிய கண்ணறைக்குள் இருக்கும் கூட்டுப்புழுக்கள் மேலே பட்ட எதற்கும் சாகாமல், சில நாட்களில் குளவியாக வெளிவரும். ‘மருந்து அடித்தும் திரும்பி வந்துவிட்டது’ என்னும் புகாரில் பாதி இதுதான். சுரண்டிய இடத்தில் எண்ணெய்ப் பெயிண்ட் ஒரு கை பூசிவிடுங்கள்.

விட்டுவைக்க முடிந்தால் விட்டுவைப்பது எங்கள் உறுதியான கருத்து. இந்தக் குளவிகள் தங்கள் புழுக்களுக்குத் தருவது தோட்டத்துப் புழுக்களை மென்று செய்த உருண்டை. கத்தரி, வெண்டை போட்டிருப்பவருக்கு அது கூலி வாங்காத வேலையாள். கூட்டைத் தொடாமல், அதற்கு நேர்கீழே துடைப்பத்தை ஆட்டாமல் இருந்தால் மாதக்கணக்கில் ஒருவரையும் கொட்டாமல் இருக்கும்.

கதண்டுக் கூட்டில் ஸ்ப்ரே ஏன் கூடாது? மேலுறை பல அடுக்குக் காகிதம், அடுக்குகளுக்கு நடுவே காற்றறைகள். வெளியே அடிக்கும் மருந்து மேல் அடுக்கை மட்டும் நனைக்கும், உள்ளே அடையில் இருக்கும் நூற்றுக்கணக்கானவற்றுக்கு எட்டாது. வாசலில் நின்ற இரண்டு மூன்று காவல் கதண்டுகள் நிலைகுலையும்போது வெளிப்படும் எச்சரிக்கை வாசனை மட்டும் முழுக் கூட்டையும் எழுப்பும். ஒரு கதண்டு கொட்டினால் கொடுக்கு உடலில் மாட்டிக்கொள்ளாது. தேனீக்கு இருப்பதுபோல் பெரிய முள் அமைப்பு அதில் இல்லாததால் அதே கதண்டு திரும்பத் திரும்பக் கொட்டும். ஸ்ப்ரே டப்பாவோடு ஏணியில் நிற்பவர் கொட்டால் மட்டும் அல்ல, விழுந்தும் அடிபடுகிறார். டப்பாவில் உள்ள வாயு தீப்பற்றும் என்பதால் தீப்பந்தத்தோடு சேர்த்துப் பயன்படுத்துவது இன்னும் ஆபத்து.

சுவர்த் துவாரத்துக்குள் கட்டிய கதண்டுக் கூட்டுக்கு சிமென்ட் பூசி அடைப்பதும் தவறு. உள்ளே மாட்டியவை வேறு இடுக்கு தேடும். அந்த இடுக்கு உங்கள் அறைக்குள் திறந்தால் அங்கேதான் வரும். மண் வளைக்குள் பெட்ரோல் ஊற்றுவது மண்ணையும் பக்கத்துக் கிணற்றையும் கெடுப்பது, தீப்பிடித்தால் வேலியும் சேர்ந்து எரியும்.

கூடு அகற்றும் சேவை: ஆளைப் பொறுத்து ஒன்றிலிருந்து ஐந்து வரை

கதண்டுக்கு முதல் அழைப்பு தீயணைப்பு நிலையத்துக்கு. எண் 101, கிடைக்காவிட்டால் 112. கதண்டுக் கூடு அகற்றுவது தமிழ்நாடு தீயணைப்பு மீட்புப் பணிகள் துறைக்கு அன்றாட வேலைகளில் ஒன்றாகிவிட்டது. உயரமான பனை, பள்ளிக்கூடம், பேருந்து நிறுத்தம், கோயில் கோபுரம் என்றால் வேறு யாரையும் யோசிக்கவே வேண்டாம். ஏணியும் தண்ணீர் அழுத்தமும் கூட்டத்தை விலக்கும் அதிகாரமும் அவர்களிடம்தான் உள்ளன. அழைக்கும்போது கூட்டின் உயரம், மரமா சுவரா, பக்கத்தில் மின்கம்பி உண்டா, வண்டி எதுவரை வரும் என்று நான்கையும் சொல்லுங்கள். கம்பி அருகில் இருந்தால் மின்வாரியத்துக்கும் சொல்லி இணைப்பைத் துண்டிக்கச் செய்ய வேண்டும். அவர்கள் வரும்வரை கல்லெறிவதும் புகை போடுவதும் கூடாது. கலைந்த கூடு என்றால் வந்தவர்களாலும் அன்றைக்கு எதுவும் செய்ய முடியாமல் போகும்.

தனியார் பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்களை அழைப்பதானால் பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-ன் கீழ் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். அடுத்து, எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேளுங்கள். பகலில் வருகிறேன் என்பவரை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பகலில் கூட்டில் பாதி வெளியே இரை தேடிப் போயிருக்கும். கூட்டை எடுத்துப்போன பிறகு அவை திரும்பி வந்து, கூடு இருந்த இடத்தையே சுற்றும். கோபத்தோடு சுற்றும் அந்தக் கதண்டுகள்தான் மறுநாள் வழியில் போகிறவரைக் கொட்டுகின்றன.

ஒழுங்காகச் செய்பவர் எப்படிச் செய்வார் என்று தெரிந்திருந்தால் பேரம் பேசும்போதே ஆளை எடை போட்டுவிடலாம். பகலில் ஒருமுறை வந்து, தூரத்தில் நின்று வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்து, ஓடிவர வழி தேர்ந்துகொள்வார். அக்கம்பக்கத்தில் ஜன்னல்களை மூடச் சொல்வார், மாடு கட்டியிருந்தால் அவிழ்த்துப் போகச் சொல்வார். நன்றாக இருட்டிய பிறகு ஆரம்பிப்பார். வெள்ளை டார்ச்சைக் கையில் பிடிக்க மாட்டார். இருட்டில் கலைந்த கதண்டு வெளிச்சத்தை நோக்கித்தான் பாயும். சிவப்புத் தாள் சுற்றிய விளக்கைப் பயன்படுத்துவார், அதையும் மூன்று நான்கு மீட்டர் பக்கவாட்டில் தனியாக நிறுத்தி வைப்பார். முதல் வேலை வாசல். நீண்ட குழாய் வழியாகப் பைரித்ராய்டு தூளை வாசலுக்குள் ஊதிவிட்டு, பஞ்சால் அடைப்பார். தூள்தான் இங்கே சரி. திரவம் முதல் அடுக்கிலேயே நின்றுவிடும், தூள் கால்களிலும் மயிர்களிலும் ஒட்டி அடைவரை போகும். உள்ளே இரைச்சல் அடங்கும்வரை காத்திருந்து, தடித்த பையைக் கீழிருந்து மேலாக ஏற்றி, வாயைச் சுருக்கிக் கட்டி, கிளையோடு அறுத்து இறக்குவார். பொந்துக் கூடு என்றால் இரண்டு மூன்று நாள் கழித்து வந்து பார்த்து, போக்குவரத்து நின்ற பிறகே துவாரத்தை மூடுவார்.

தீப்பந்தம் கொளுத்துவதை நாங்கள் ஆதரிக்கவில்லை. ஊர்களில் அது பழகிய முறைதான், பார்ப்பவருக்கு வேலை முடிந்தது போலவும் தெரியும். ஆனால் காய்ந்த பனை மட்டை பற்றினால் அணைப்பது கடினம், எரியும் அடைத்துண்டுகள் கூரைமேல் விழும், இறக்கை கருகாத கதண்டுகள் இருட்டில் கீழே நிற்பவர்மேல் வந்து இறங்கும். தூளும் பையும் கொண்டு செய்ய முடிகிற உயரத்தில் தீயை எடுக்கும் ஆளுக்கு ஒரு மதிப்பெண்ணுக்கு மேல் கிடையாது.

யார் வேலை செய்தாலும் வண்டி ஒன்று தயாராக நிற்க வேண்டும். கொட்டு வாங்கியவருக்கு மூச்சுத் திணறல், உதடு தொண்டை வீக்கம், உடம்பெல்லாம் தடிப்பு, மயக்கம் இதில் ஏதாவது வந்தால் 108-ஐ அழைக்க வேண்டியதுதான். அங்கே தேவைப்படுவது அட்ரினலின் ஊசி, பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம் தொடைத் தசையில் போடுவார்கள். சுண்ணாம்பும் பற்பசையும் நேரத்தைத்தான் தின்னும். ஒவ்வாமை எதுவும் இல்லாவிட்டாலும், நிறையக் கொட்டு வாங்கியவர் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். கதண்டு விஷம் தசைகளைச் சிதைத்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிடும். சிறுநீர் குறைவதும் டீ டிகாஷன் நிறத்தில் போவதும் மறுநாள்கூடத் தொடங்கலாம்.

உடை: மூன்றடுக்குக்கு நான்கு, ஒற்றைத் துணிக்கு ஒன்று

இனி சொல்வது மரம் ஏறுகிறவர், பூச்சிக் கட்டுப்பாட்டு வேலை செய்கிறவர், ஊரில் இந்த வேலைக்குக் கூப்பிடப்படுகிற தன்னார்வலர் ஆகியோருக்கு.

‘தேனீ உடை’ என்று மலிவாகக் கிடைப்பது ஒற்றைப் பருத்தித் துணி. பெட்டித் தேனீக்கு அது போதும். கதண்டின் கொடுக்கு நீளம். துணி உடலில் ஒட்டும் இடத்திலெல்லாம், அதாவது தோள், முழங்கை, முழங்கால், குனியும்போது முதுகு வழியாக அது உள்ளே இறங்கும். மூன்றடுக்கு உடையில் வெளியே வலை, நடுவில் தடித்த கண்ணி, உள்ளே வலை. பாதுகாப்பு துணியின் வலிமையில் இல்லை, அந்த நடு அடுக்கு உண்டாக்கும் இடைவெளியில் இருக்கிறது. அதனால் உடையை அளவெடுத்தது போல் வாங்கினால் பணம் போச்சு. நடு அடுக்கு அமுங்கினால் அதுவும் ஒற்றைத் துணியே. ஓர் அளவு, முடிந்தால் இரண்டு அளவு பெரிதாக வாங்குங்கள். தோளிலும் முழங்காலிலும் உள்ளே ஃபோம் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஜீன்ஸும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். நிறம் வெள்ளை. கறுப்பு நிறத்தைக் கதண்டு கூடுதலாகத் தாக்கும்.

பெட்டி வந்ததும் போட்டுப் பார்ப்பதற்கு முன் இருட்டறையில் உடைக்குள் டார்ச்சை எரியவிட்டு வெளியிலிருந்து தையல் முழுக்கப் பாருங்கள். வெளிச்சம் புள்ளியாகத் தெரிகிற இடம் ஓட்டை. பெரும்பாலும் அது தலை வலையைக் கழுத்தோடு இணைக்கும் இரண்டு ஜிப்புகள் தொண்டையில் சந்திக்கும் இடத்தில் இருக்கும். வெல்க்ரோ மூடி அதன்மேல் முழுக்கப் படிகிறதா என்று பாருங்கள். படியாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள். பிறகு போட்டுக்கொண்டு குந்தி உட்காருங்கள், இரு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள். மணிக்கட்டும் கணுக்காலும் வெளியே வரக்கூடாது. தலையைக் குனிந்தால் வலை மூக்கில் முட்டக்கூடாது. முட்டினால் உள்ளே முன்விளிம்பு உள்ள தொப்பி போட்டால் வலை தள்ளி நிற்கும்.

உடையோடு தரும் ஆட்டுத்தோல் கையுறை மெல்லியது, அதன்மேல் தடித்த ரப்பர் கையுறை ஒன்று வேண்டும். கம்பூட்ஸ் போட்டு, பேண்டின் நுனியை வெளியே விட்டு, கணுக்காலிலும் மணிக்கட்டிலும் டக்ட் டேப்பை இரண்டு சுற்று சுற்றுங்கள். வலைக்குள் கண்ணாடி அணியுங்கள். சில கதண்டுகள் விஷத்தைப் பீய்ச்சும், அது வலையைத் தாண்டிக் கண்ணில் படும். சென்ட், வாசனை எண்ணெய் எதுவும் வேண்டாம். வெஸ்பா மாண்டரினியாவின் எச்சரிக்கை வாசனையில் உள்ள சேர்மங்களை ஒத்தவை சில அழகுசாதனப் பொருட்களிலும் உணவு மணமூட்டிகளிலும் இருக்கின்றன.

ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தது வெக்கையால். காற்றோட்டம் உள்ள உடை என்று விற்றாலும், கீழே ஜீன்ஸும் ஃபோமும் போட்டு, காற்று நின்ற நம் ஊர் இரவில் அரைமணி நேரத்துக்கு மேல் அதில் நிற்க முடியாது. கை நடுங்கத் தொடங்கும் முன் இறங்கிவிட வேண்டும். போடும் முன் அரை லிட்டர் தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலோடு இரண்டாவது ஆள் ஒருவரும் உடையோடு கீழே நிற்க வேண்டும்.

வேலை முடிந்ததும் உடையை மடித்துப் பைக்குள் போட்டுவிடாதீர்கள். கொட்ட முயன்ற இடங்களிலெல்லாம் விஷமும், அதோடு எச்சரிக்கை வாசனையும் படிந்திருக்கும். அடுத்த கூட்டுக்கு அப்படியே போனால் உடையே கதண்டை வரவழைக்கும். தலை வலையைக் கழற்றித் தனியாக அலசி, உடையைச் சோப்புத் தண்ணீரில் கையால் துவைத்து வெயிலில் காயவையுங்கள். மெஷினில் போட்டால் நடு அடுக்கு சுருண்டு, ஒரு பக்கம் கூடி மறுபக்கம் வெறும் வலையாகிவிடும்.